மந்தையில் சைக்கிள் ஓட்டியவளுக்கு

இன்று காலை பைபாஸ் பாலத்தடியில் நின்று சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தபோது தோல் பதனிடும் ஷாப்புகளின் வாடை வந்தது. தை மாதத்துக் காற்று அதை அப்படியே ஊருக்குள் தள்ளிக்கொண்டு வரும். ஊறிய தோலும் சுண்ணாம்பும் கலந்த வாடை. நீ திண்டுக்கல்லுக்கு மாற்றலாகி வந்த புதிதில், இதே பாலத்தடியில் மூக்கைப் பொத்திக்கொண்டு, "என்னடி இது, எதாவது செத்துக் கிடக்கா?" என்று கேட்டாய். "எங்க ஊரு சென்ட்டு" என்றேன். அதற்குப் பிறகு காற்று திரும்பும் நாளிலெல்லாம், "இன்னைக்கு எல்லாரும் சென்ட்டு போட்டிருக்காங்கடி" என்பாய்.

  எங்கே போகிறேன் என்று அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. யாரிடமாவது சொல்வதென்றால் உன்னிடம்தான் சொல்லியிருப்பேன். நீ இல்லை. போய்விட்டு வந்து, குளித்து, சாப்பிட உட்கார்ந்து, சாப்பிட முடியாமல் எழுந்து இதை எழுதுகிறேன்.

நாம் சந்தித்ததே ஒரு சண்டை மாதிரிதான். நத்தம் ரோட்டில் நான் ரத்தம் எடுத்துவிட்டு வந்துகொண்டிருந்தேன். ரத்தப் பரிசோதனைக் கூடத்து வேலை. கிழடுகளின் வீடுகளுக்குப் போய், ஊசி குத்தி, குப்பியில் பிடித்து, ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுவர வேண்டும். பிளஸ் ஒன் படிக்கும்போது அரசாங்கம் இலவசமாகக் கொடுத்த சைக்கிள்தான் வாகனம். நீ பின்னாலிருந்து வந்து, மஞ்சள் பனியன், ஹெல்மெட், கறுப்புக் கண்ணாடி சகிதம் சத்தமே இல்லாமல் என்னைத் தாண்டிப் போனாய். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. கேரியரில் பெட்டி குதிக்கக் குதிக்க மிதித்து உன்னைப் பிடித்தேன். ரயில்வே கேட் மூடியிருந்ததால் பிடிக்க முடிந்தது என்று நீ கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாய்.

"அந்தப் பெட்டியில என்னங்க?" என்றாய்.

"ரத்தம்."

"யாரோட ரத்தம்?"

"மெதுவாப் போனவுக ரத்தம்."

நீ சிரித்த சிரிப்பில், பெடலோடு பூட்டிக்கொள்ளும் உன் ஷூவைக் கழற்ற மறந்து, சைக்கிளோடு அப்படியே பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தாய். கேட்டில் நின்ற பஸ்ஸே சிரித்தது. பேங்க் ஆபீசர் ஒருத்தி நடுரோட்டில் கவிழ்ந்து கிடந்து சிரிப்பதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அடுத்த வாரம் உன் பழைய கியர் சைக்கிளைக் கொடுத்தாய். ஞாயிற்றுக்கிழமை கூட வர வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. அப்புறம் தெரிந்தது, உன் வீட்டாரும் எங்களைப் போலக் காலனி ஆட்கள்தான் என்று. நீயே சொன்னாய், சாதிச் சான்றிதழ் தொலைந்துபோன கதையைச் சொல்லும்போது, வெயில் அதிகம் என்று சொல்வதுபோல. நான் அக்கம்பக்கம் பார்த்தேன். யாராவது கேட்டுவிட்டார்களா என்று. எங்கள் ஊரைப் பற்றி அப்போதே உனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். நீ ஆவடியில் பிறந்தவள். உன் தாத்தா ஊரை விட்டு ஓடிவந்தவர். "எங்க வீட்ல ஊரைப் பத்திக் கேட்டா டிவி சத்தத்தக் கூட்டிடுவாங்க" என்றாய்.

ஞாயிறுகள் நன்றாகத்தான் இருந்தன. தாடிக்கொம்புப் பக்கம் ஒரு வாரம், ஆத்தூர்ப் பக்கம் ஒரு வாரம், சிறுமலை அடிவாரத்துக் குளங்கள் ஒரு வாரம். மழை பெய்து கண்மாய்கள் நிறைந்திருந்த வருஷம். கரைமேல் ஓட்டினால் ஒரு பக்கம் தண்ணீர், மறு பக்கம் நெல்லும் செண்டுமல்லியும். உனக்குத் தண்ணீரைவிடக் கல் பிடிக்கும். கூரை போன மண்டபம், கருவேலத்துக்குள் பாதி புதைந்த தூண், மடைக்கல்லில் செதுக்கிய மீன், எது கண்ணில் பட்டாலும் இறங்கிவிடுவாய். ஷூவைக் கழற்றிவிட்டுக் கல்தரையில் மல்லாந்து படுத்துக் கடலைமிட்டாய் தின்பாய். "வரி கட்டினது எங்க பூட்டன். நிழலாவது நான் வாங்கிக்கிறேன்."

கிராமத்து நாய்கள் துரத்தும்போது நான் அலறுவேன். நீ திரும்பி அவற்றோடு பேசுவாய். "என்ன கண்ணா, சாப்டியா? கறியா, கஞ்சியா?" நாய் குழம்பிப்போய் நின்றுவிடும். "பேசிட்டே போடி. துரத்துறவன் கேள்விய எதிர்பாக்க மாட்டான்" என்பாய். நாய்க்குச் சரி என்று நினைத்துக்கொள்வேன்.

ஒருநாள் ஆத்தூரிலிருந்து திரும்பும்போது நீ கைப்பேசியில் வரைபடத்தைப் பெரிதாக்கிக் காட்டினாய். "இவ்ளோ பெரிய கண்மாய். கரையில மண்டபம்னு வேற போட்டிருக்கு. நாம ஏன் இங்க போனதே இல்ல?"

அது எங்கள் ஊர்.

"ரோடு சரியில்ல" என்றேன். "போன வாரம் இதவிட மோசமான ரோட்ல போனோம்" என்றாய். "நாய் அதிகம்" என்றேன். நீ கைப்பேசியை வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாய். சொன்னேன்.

எங்கள் காலனியிலிருந்து வெளியே வரத் தார்ச்சாலை ஒன்றுதான். அது ஊர்த்தெருவுக்குள் புகுந்து மந்தையைத் தாண்டி மெயின் ரோட்டைச் சேரும். மந்தை என்றால் பெரிய மைதானம் இல்லை. ஒரு வேப்பமரம், அதைச் சுற்றிச் சிமெண்டு மேடை, எதிரே மந்தையம்மன் கோயில், ஒரு டீக்கடை. நாலு மிதி மிதித்தால் கடந்துவிடலாம். ஆனால் காலனி ஆள் அங்கே சைக்கிளில் உட்கார்ந்து போகக் கூடாது. இறங்கி உருட்ட வேண்டும். கோயில் தாண்டியதும் ஏறிக்கொள்ளலாம். எங்கும் எழுதிப் போடவில்லை. அப்பா எனக்குச் சொல்லவில்லை, அப்பாவுக்கு அவர் அப்பா சொல்லவில்லை. முன்னால் போகிறவர் இறங்குவதைப் பார்த்து இறங்குவோம். பைக் வாங்கிய பையன்கள் கண்மாய்க்கரையைச் சுற்றிப் போனார்கள். அரசாங்கம் கொடுத்த சைக்கிளில், முதலமைச்சர் படம் ஒட்டிய அந்தச் சைக்கிளில், நான் பள்ளிக்கூடம் போன இரண்டு வருஷமும் தினம் காலையும் மாலையும் அங்கே இறங்கி உருட்டினேன். சைக்கிளைக் கொடுத்த அரசாங்கத்துக்கு, அதில் உட்காரும் உரிமையைக் கொடுக்க வேண்டும் என்று தோன்றவில்லை.

நீ கைப்பேசியை எடுத்து அந்தக் கண்மாயை மறுபடி பார்த்தாய். பிறகு, "எங்க தாத்தாவும் உருட்டிருப்பாரா?" என்றாய்.

"சைக்கிள் இருந்திருந்தா உருட்டிருப்பாரு."

மந்தையில் இறங்கி உருட்டுகிறேன் என்று நீ வாக்குக் கொடுத்த பிறகுதான் உன்னைக் கூட்டிப்போனேன். மண்டபத்தைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் என்றாய். என் அம்மாவும் அப்பாவும் அந்தக் காலனியில் இருக்கிறார்கள், அப்பாவின் ஆடுகள் அந்தக் கண்மாயில்தான் மேய்கின்றன என்பதையெல்லாம் திரும்பத் திரும்பச் சொன்னேன். "சரிடி, சரிடி" என்றாய்.

மந்தை வந்தது. நான் நினைக்கும் முன்பே என் கால் தரையில் இருந்தது. நீயும் இறங்கினாய். உன் ஷூவின் அடிக்கட்டை சிமெண்டில் டக் டக் என்று சத்தம் போட்டது. மேடையில் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். மந்தையம்மன் கோயில் பூசாரியின் அண்ணன் நடுவில். மந்தை மேடைதான் அவர் வீடு, சாப்பிட மட்டும் வீட்டுக்குப் போவார்.

"என்னடா இது, லாடம் அடிச்சுக் கூட்டியாந்திருக்கு!" என்றார் ஒருவர். சிரித்தார்கள்.

பூசாரியின் அண்ணன் என்னைப் பார்த்தார். "யாரு, செல்லையா மகளா?"

"ஆமாங்க."

"அதென்ன சைக்கிளு? கேரியர் இல்ல, ஸ்டாண்டு இல்ல. புல்லுக்கட்டு எங்கிட்டு வப்ப?" மறுபடி சிரிப்பு. "கூட யாரு?"

"பேங்க்ல ஆபீசருங்க. மெட்ராசு."

அவர் மேடையைவிட்டு இறங்கிவிட்டார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். மெட்ராஸ், ஆபீசர், இங்கிலீஷ் எழுத்துப் போட்ட பனியன். இந்த மூன்றையும் சேர்த்து அவர் ஒரு சாதியை முடிவு செய்துவிட்டார். தப்பான சாதியை.

"ஏம்மா, நீங்க எதுக்கு எறங்குனீக? நீங்க ஏறிப் போங்கம்மா. இது உருட்டிக்கிட்டு வரும்."

நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். உன் முகத்தில் என்ன வந்தது என்று எனக்கு இன்றுவரை சொல்லத் தெரியவில்லை. கோபம் என்றால் எனக்குப் புரிந்திருக்கும்.

"ஓ, நான் ஏறலாமாண்ணே?"

"தாராளமா."

ஏறினாய். பெடலில் ஷூ டக்கென்று பூட்டியது. மந்தையைக் கடந்தாய். அப்படியே போய்விடுவாய் என்று நினைத்தேன். சாமி, போய்விடட்டும் என்று வேண்டினேன். நீ கோயில் முனையில் திரும்பி, வேப்பமரத்தை ஒரு சுற்றுச் சுற்றி, அவர் முன்னால் வந்து ஒற்றைக் காலை ஊன்றி நின்றாய்.

"ரொம்ப தேங்க்ஸ்ண்ணே. நானும் காலனிதான். எங்க தாத்தாகிட்ட யாரும் ஏறிப் போன்னு சொல்லிருக்க மாட்டாங்க. நீங்க சொல்லிட்டீங்க." பிறகு, நாயிடம் கேட்கும் அதே குரலில், "சாப்டீங்களா?"

என்னைப் பார்த்து, "ஏறு" என்றாய்.

நான் ஏறவில்லை. சைக்கிளை உருட்டிக்கொண்டு ஓடினேன். பின்னால் டீ கிளாஸை டக்கென்று வைக்கும் சத்தம் கேட்டது. "ஏலே, அவள நிப்பாட்டுங்கடா" என்று ஒரு குரல். ஒரு பைக் உதைபட்டுக் கிளம்பும் சத்தம். காலனியில் எங்கள் வீட்டு வாசலைக்கூட நான் திரும்பிப் பார்க்கவில்லை.

மண்டபத்தைப் பற்றி இப்போது கேட்டால் எனக்குத் தெரியாது. தூண்கள் இருந்தன. படிக்கட்டில் தண்ணீர் ஏறி நின்றது. வௌவால் நாற்றம். நீ ஒவ்வொரு தூணாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாய். எனக்குக் காதுகள் மட்டும்தான் இருந்தன. கரைமேல் வண்டி வருகிறதா? வந்தது. உன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மடைப் பள்ளத்துக்குள் இறங்கி உட்கார்ந்தேன். வண்டி எங்கள் தலைக்கு மேலே நின்றது. இறங்கி நடக்கும் சத்தம். என் வாயை நானே பொத்திக்கொண்டேன். எங்கள் பக்கத்து ஊர்களில் வாய்க்காலில் கிடந்த உடல்களின் பேர்கள் எனக்குத் தெரியும். உனக்குத் தெரியாது.

மேலேயிருந்து ஒரு முகம் எட்டிப் பார்த்தது. தோளில் மீன்வலை.

"என்ன தாயி ரெண்டு பேரும் மடைக்குள்ள? முட்டை இடுறீகளா?"

நீ சிரித்தாய். நான் அழுதேன். மந்தை வழியாகத் திரும்பிப் போக முடியாது என்று கரையோடு போனோம். கருவேல முள்ளில் இரண்டு பேர் டயரும் போனது. மெயின் ரோடு வரும்வரை சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தோம். நீ ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்கவில்லை. நானும் உன்னைத் திட்டவில்லை. அன்று மதியம் அப்பா கூப்பிட்டார்.

"ஒண்ணும் பண்ணல. வாசல்ல நின்னு பேசிட்டுப் போனாக."

"என்ன பேசுனாக?"

"ஆடு கம்மாய்க்குள்ள எறங்கக் கூடாதாம். நீ ஊருக்குள்ள வரக் கூடாதாம். வித்துக்கிரலாம், ஆடுதான. நீ கொஞ்ச நாளைக்கு வராத தாயி." பிறகு கேட்டார்: "அந்தப் புள்ள நெசமாவே அவரப் பாத்துச் சாப்டீகளான்னு கேட்டுச்சா?"

"கேட்டுச்சுப்பா."

அந்தப் பக்கம் ஒரு சத்தம் வந்தது. என் அப்பா சிரிக்கிறார் என்று புரிய எனக்கு நேரமாயிற்று.

நீ புகார் கொடுக்க வேண்டும் என்றாய். சட்டத்தின் பிரிவெல்லாம் தெரிந்து வைத்திருந்தாய். புகாரை வாங்குகிறவர் இரவு எந்த ஊரில், எந்தத் தெருவில் சாப்பிடுகிறார் என்பது எனக்குத் தெரியும். அப்பா வேண்டாம் என்றார். நீ அவர் பேச்சைக் கேட்டாய். உன் கோபத்தைவிட அவருடைய ஆடு பெரிது என்று ஒத்துக்கொண்டாய். படித்தவர்கள் அப்படி ஒத்துக்கொள்வது அபூர்வம். அதற்காகத்தான் உன்னை எனக்கு இன்னும் அதிகமாகப் பிடித்தது.

ஆனால் நாம் எதிர்பார்க்காதது ஒன்று நடந்தது. எங்கள் எதிர்வீட்டு அமுதா, பிளஸ் ஒன் படிக்கிறவள், ஒரு திங்கட்கிழமை காலை மந்தையில் இறங்கவில்லை. கூடப் போன இரண்டு பெண்களும் இறங்கவில்லை. மேடையில் இருந்தவர்கள் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். அந்த பேங்க்காரம்மா கலெக்டருக்கு எழுதிப் போட்டுவிடும் என்று பயம். உன்னைப் பார்த்து அவர்கள் பயந்தார்கள்! அமுதா எனக்கு போன் செய்து, "யக்கா, மந்தை அம்புட்டுதேன்க்கா. சின்னதா இருக்கு" என்றாள். உன்னிடம் சொன்னேன். பேங்க்கில் பணம் கட்ட நின்ற கூட்டத்துக்கு முன்னால் நீ அழுதாய்.

கார்த்திகையில் நீ செத்துப்போனாய்.

எப்படி என்பதைத் தெளிவாக எழுத வேண்டும். ஏனென்றால் அதைக் குழப்புகிறார்கள். வேலைநாள். நான் ரத்தம் எடுக்கப் போயிருந்தேன். நீ தனியாக பைபாஸில் ஓட்டிக்கொண்டிருந்தாய். வத்தலக்குண்டுப் பக்கமிருந்து வந்த பால் வண்டி பின்னாலிருந்து இடித்தது. ஓட்டியவன் இரண்டு ராத்திரி தூங்காதவன். அவனை அப்படி ஓட்ட வைத்தவன் பேர் எந்த வழக்கிலும் வராது. இடித்தவன் ஓடவில்லை. அவனே ஆம்புலன்ஸைக் கூப்பிட்டு, உன் தலையை மடியில் வைத்துக்கொண்டு ரோட்டில் உட்கார்ந்திருந்தான். அவனுக்கு எங்கள் ஊர் எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாது. நான் போய் அவனிடம் கேட்டேன். கேட்டே ஆக வேண்டியிருந்தது. இதில் மர்மம் இல்லை. தூக்கம், வேகம், ஒரு சைக்கிள்.

உன் அம்மா ஆவடியிலிருந்து வந்து உன்னைக் கூட்டிக்கொண்டு போனார். இரண்டு நாள் கழித்து என் அம்மா போன் செய்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஊருக்குள்ள பேசிக்கிறாக தாயி" என்றாள்.

"என்னன்னு?"

"ஆத்தா மந்தையில ஏறி ஓட்டுனா, ஆத்தா சும்மா விடுவாளான்னு. மரத்தச் சுத்துனால்ல, அதேன் சக்கரத்துலயே போயிட்டான்னு."

எனக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. "நீ என்னம்மா சொல்ற?"

அம்மா, "நீயும் பாத்துப் போ தாயி" என்றாள். அதுதான் பதில். ஆயுள் முழுக்க அந்தக் கோயிலுக்குள் விடப்படாத என் அம்மா, அந்தச் சாமி உன்னைக் கொன்றது என்று நம்பினாள்.

பூசாரியின் அண்ணனுக்கு இனி யாரையும் மிரட்ட வேண்டிய வேலை இல்லை. கலெக்டர் பயமும் இல்லை. ஒரு பால் வண்டி அவருக்காக எல்லாவற்றையும் செய்துமுடித்துவிட்டது. அடுத்த வாரமே அமுதா இறங்கி உருட்டினாள். மற்ற இரண்டு பெண்களும் இறங்கினார்கள். இப்போது முன்பைவிடத் தூரத்திலேயே, டீக்கடைக்கு முன்பே இறங்கிவிடுகிறார்களாம். முன்பு இறங்கியது ஆளுக்குப் பயந்து. இப்போது உயிருக்குப் பயந்து. ஆளுக்குப் பயப்படுவதாவது ஆள் செத்தால் தீரும்.

நான் இதை நம்பவில்லை. நம்பாதவள் என்பதை மறுபடி எழுதிக்கொள்கிறேன். ஆனாலும் உன் சாவுக்குப் பிறகு எனக்குப் பின்னால் ஹாரன் அடித்தால் முதுகு விறைக்கிறது. அது லாரிப் பயம் மட்டும்தானா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. சின்ன வயதிலிருந்து உடம்புக்குள் போட்ட பயம் வாதத்தைக் கேட்பதில்லை.

பொங்கல் முடிந்ததும் அம்மா இங்கே வந்து என் கையில் மஞ்சள் கயிறு கட்டிவிட்டாள். "நீயும் கூடப் போனவதான" என்று. கட்டிக்கொண்டேன்.

ரொம்ப யோசித்தேன். நீ மந்தையில் ஓட்டினாய், செத்தாய். இதை வாயால் மறுக்க முடியாது. பால் வண்டி, தூக்கம், வேகம் என்று எவ்வளவு சொன்னாலும் அவர்கள் கதை என் கதையைவிட நன்றாக இருக்கிறது. மறுக்க வழி ஒன்றுதான். காலனிக்காரி இன்னொருத்தி மந்தையில் ஓட்ட வேண்டும். ஓட்டிவிட்டு உயிரோடு இருக்க வேண்டும்.

இன்று காலை பாலத்தடியில் காற்றடித்து முடித்ததும் கத்தரிக்கோலால் அந்தக் கயிற்றை அறுத்துப் போட்டேன். நான் பிழைத்தால் கயிறு காப்பாற்றியது என்பார்கள். அந்த வழியையும் அடைக்க வேண்டியிருந்தது.

மெயின் ரோட்டிலிருந்து ஊர்ப் பக்கம் திரும்பினேன். மந்தைக்கு முன்னால் என் வலது கால் இறங்கப் பார்த்தது. சொன்னால் நீ சிரிப்பாய், நான் என் காலோடு சண்டை போட்டேன். சத்தமாகவே, "இருடி" என்றேன். காலிடம். உன் ஷூவைப் போல என் செருப்பு பெடலில் பூட்டிக்கொள்ளாது. எந்த நொடியிலும் இறங்கியிருக்கலாம்.

மேடையில் பூசாரியின் அண்ணன் இருந்தார்.  டீக்கடைக்காரர் ஆற்றிக்கொண்டிருந்த டீயை அந்தரத்தில் நிறுத்தியதைப் பார்த்தேன். உன்னைப் போல மரத்தைச் சுற்றும் தைரியம் எனக்கு இல்லை. நேராகப் பார்த்துக்கொண்டு மிதித்தேன்.

"ஏ புள்ள." அவர் கத்தவில்லை. அக்கறையாகக் கேட்பதுபோலக் கேட்டார். அதுதான் அதிகம் பயமாக இருந்தது. "அந்தம்மாவுக்கு என்ன ஆச்சுன்னு தெரியும்ல?"

நிற்கக் கூடாது என்று நினைத்தேன். நின்றுவிட்டேன். ஆனால் சீட்டில் உட்கார்ந்தபடி, ஒற்றைக் காலை ஊன்றி.

"தெரியும். பால் வண்டி மோதிருச்சு."

"ஆத்தா எந்த வண்டியில வேணாலும் வருவா."

"சரிங்க. அடுத்த ஞாயித்துக்கெழமையும் வாரேன். இருக்கேனா இல்லியான்னு பாத்துக்கங்க."

இதை நான் வீரமாகச் சொல்லவில்லை. என் குரல் உடைந்து பாதி காற்றாகத்தான் வந்தது. அவருக்குக் கேட்டதா என்றுகூடத் தெரியாது. யாரோ ஒருவன், "கொழுப்பு ஏறிப்போச்சு" என்றான். இன்னொருவன், "விடுறா, அதான் ஆத்தா பாத்துக்கிருவால்ல" என்றான். என்னை யாரும் தொடவில்லை. தொட வேண்டியதில்லை என்று நினைக்கிறார்கள். அவர்கள் காத்திருக்கிறார்கள்.

வீட்டு வாசலில் அப்பா என்னைப் பார்த்துவிட்டு உள்ளே போய், வரிந்து கட்டிய வேட்டியோடும் ஒரு கம்போடும் வெளியே வந்து உட்கார்ந்துகொண்டார்.  அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள். கயிறு இல்லை. அவள் முகம் செத்துவிட்டது. அமுதாவும் அவள் அம்மாவும் எதிர்வீட்டிலிருந்து வந்தார்கள்.

அமுதா என் சைக்கிளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "யக்கா, ஒண்ணு கேக்கவா? ஒங்களுக்கு எத்தன நாளு ஒண்ணும் ஆகாம இருந்தா நாங்க ஏறலாம்?"

அவள் விளையாட்டாகக் கேட்கவில்லை. கணக்குப் பாடத்தில் சந்தேகம் கேட்பதுபோலக் கேட்டாள்.  அவள் அம்மா சொன்னாள்: "வைகாசியில ஆத்தாவுக்குப் பொங்க வைக்கிற திருவிழா தாண்டணும். ஆத்தா நகர்வலம் போயி மந்தையில எறங்குறதுக்குள்ள குத்தம் செஞ்சவுகளக் காட்டிருவா. அதுக்கப்புறம் ஒண்ணும் இல்ல."

என் அம்மாவும் தலையாட்டினாள். எங்கள் ஆட்கள் அந்தச் சாமியின் சட்டத்தைப் பூசாரியைவிட நன்றாகத் தெரிந்து வைத்திருக்கிறார்கள்.

"சரி. வைகாசி வரைக்கும் நான் சாக மாட்டேன்" என்றேன்.

அமுதா தலையை ஆட்டினாள். அவள் அதை அப்படியே எடுத்துக்கொண்டாள். சொல்லி முடித்த பிறகுதான் நான் என்ன சொல்லியிருக்கிறேன் என்று எனக்கே உறைத்தது.

திரும்பும்போதும் மந்தை வழியாகத்தான் வந்தேன். அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. இறங்காமல் வந்தேன். ஆனால் மெயின் ரோட்டில் ஏறியதும் வேறு ஒரு பயம் பிடித்துக்கொண்டது. அது இந்த நிமிஷம் வரை விடவில்லை. பஸ் வந்தால் மண்ணில் இறங்கி நின்றுகொண்டேன். நாய் குரைத்தபோது அதனோடு பேசிக்கொண்டே போக முடியவில்லை. கடித்துவிட்டால்? நாய்க்கடியில் போனாலும் அது ஆத்தாவின் நாய்தானே. நாளைக்கு வேலைக்குப் போகும்போது ஊசி என் கையில் குத்திவிடக் கூடாது. கொசு கடிக்கக் கூடாது. மாடிப்படியில் வழுக்கக் கூடாது. மனிதர்கள் சாகும் எந்த வழியிலும் நான் செத்துவிடக் கூடாது. காய்ச்சல் வந்தால்கூட ஊருக்குத் தெரியாமல் படுத்துக்கொள்ள வேண்டும்.

உன் பேங்க்கில் நடந்த இரங்கல் கூட்டத்தில் நீ பயமே அறியாதவள் என்று பேசினார்கள். உன் துணிச்சலை எங்களுக்கு விட்டுப் போயிருக்கிறாய் என்றும் சொன்னார்கள். என்னிடம் அது வந்து சேரவில்லை. என்னிடம் இருப்பது நிறைய பயம், ஒரு சைக்கிள், வைகாசிக்கு முன்னால் எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள். எப்போதும் இந்த ஊரையும் என் வேலையையும் சலித்துக்கொண்டு, எங்காவது போய்த் தொலைய வேண்டும் என்று திரிந்தவள் நான். என் உயிரை நான் பெரிதாக நினைத்ததே இல்லை. இப்போது மூன்று பெண்கள் பள்ளிக்கூடம் போகிற வழி அதன்மேல் நிற்கிறது. ரோட்டின் வெள்ளைக் கோட்டுக்கு வெளியே, இடது ஓரமாக, மெதுவாக, அந்த உயிரை ஓட்டிக்கொண்டு போகிறேன்.